யக்கா பூவில் ஓர் ஆள்மாறாட்டம்

இரண்டு அந்துப்பூச்சிகள். இரண்டுமே வெள்ளை. ஒரே செடியில், ஏறக்குறைய ஒரே பருவத்தில், ஒரே பூவுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும். ஒன்று வராவிட்டால் அந்தச் செடிக்கு விதையே கிடையாது. இன்னொன்று வந்தாலும் வராவிட்டாலும் விதைக்கு ஒரு லாபமும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் 1870களில் அமெரிக்கப் பூச்சியியலாளர்களிடையே ஒரு தகராறு எழுந்தது. கண்ணால் கண்டதைச் சொன்னவரையே பொய் சொல்கிறார் என்று சந்தேகிக்கும் அளவுக்கு அது போனது. அந்தத் தகராறு எப்படி வந்தது, எதை வைத்துத் தீர்ந்தது, தீர்ந்ததாக நினைத்தது நூறு வருடம் கழித்து எப்படித் திரும்ப அவிழ்ந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் செடி

யக்கா என்றதும் சிலருக்கு மரவள்ளிக் கிழங்கு நினைவுக்கு வரும். ஸ்பானிய மொழியில் மரவள்ளிக்கு யூகா என்று பெயர். உச்சரிப்பு ஒட்டி வருவதால் வரும் குழப்பம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் பேசும் யக்கா, தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். கத்திபோல நீண்ட இலைகள் அடியிலிருந்து கொத்தாக விரிந்திருக்கும். நடுவிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு தண்டு கிளம்பும். அதில் வெள்ளை வெள்ளையாக, மணிபோலத் தலைகீழாகப் பூக்கள் தொங்கும். சொந்த ஊர் வட அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். அங்கே நாற்பது இனங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. நம் ஊரிலும் அழகுக்காக வளர்க்கிறார்கள். மலையூர்த் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள்.

பூவின் உள்ளே எட்டிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நடுவில் பச்சைத் தூண்போலச் சூலகம். அதன் நுனியில் சூலகமுடி, அதாவது மகரந்தம் போய்ச் சேரவேண்டிய இடம். அது ஒரு சின்னக் குழி. சுற்றிலும் ஆறு மகரந்தத் தாள்கள் இருக்கின்றன. ஆனால் அவை குட்டை, போதாததற்கு வெளிப்பக்கமாக வளைந்து வேறு நிற்கின்றன. மகரந்தமோ பொடியாக உதிராது. பசைபோல ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடக்கும். காற்று அடித்தாலும் பறக்காது. பூவைக் குலுக்கினாலும் குழிக்குள் போய் விழாது. ஏனென்றால் பூ தலைகீழாகத் தொங்குகிறது, குழியின் வாய் தரையைப் பார்த்திருக்கிறது. தேன் என்று பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அதனால் தேனுக்காக வரும் பூச்சி போகிறபோக்கில் வேலையை முடித்துவிட்டுப் போகும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

மொத்தத்தில், யாராவது மகரந்தத்தைக் கையால் எடுத்து, இன்னொரு பூவுக்குக் கொண்டுபோய், குழிக்குள் வைத்து அழுத்தவேண்டும். தோட்டக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன யக்காக்கள் பல வருடங்களாகப் பூத்துப் பூத்து உதிர்ந்தனவே தவிரப் பெரும்பாலும் காய்க்கவில்லை. யக்கா அலோயிஃபோலியா என்ற ஒரு இனம் மட்டும் தன் ஊரை விட்டு வெகுதூரத்திலும் காய்க்கிறது, அது தனிக் கதை. மற்றவற்றுக்குக் கை தேவை. அமெரிக்கக் காட்டில் அந்தக் கை யாருடையது?

1872, செயின்ட் லூயிஸ்

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜார்ஜ் எங்கெல்மன் என்று ஒரு மருத்துவர். ஜெர்மனியில் பிறந்து அங்கே போய்க் குடியேறியவர். பகலில் நோயாளிகள், மிச்ச நேரமெல்லாம் தாவரங்கள். அந்த நகரத்தின் புகழ்பெற்ற மிசூரி தாவரவியல் தோட்டம் உருவாவதற்கு யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர். சப்பாத்திக்கள்ளி வகைகளையும் யக்காவையும் வகைப்படுத்திக்கொண்டிருந்தவருக்கு, பூச்சியின் உதவி இல்லாமல் இந்தப் பூ காய்க்கவே முடியாது என்பது பட்டுவிட்டது. பூக்களுக்குள் ஒரு வெள்ளை அந்து இருப்பதையும் பார்த்தார். சரி, இது பூச்சி விவகாரம், பூச்சிக்காரரிடம் கொடுப்போம் என்று சார்லஸ் வேலன்டைன் ரைலியிடம் ஒப்படைத்தார்.

ரைலிக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. லண்டனில் பிறந்தவர். 1868 முதல் மிசூரி மாநிலத்தின் அரசுப் பூச்சியியலாளர். உழவர்களின் பயிரை அழிக்கும் வெட்டுக்கிளியும் வண்டும்தான் அவருடைய உத்தியோக வேலை. பிரெஞ்சு திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி நாசமாக்கியபோது, அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்டு மீட்கலாம் என்ற யோசனையின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் என்பதற்காகப் பின்னாளில் அவரை உலகம் நினைவுவைத்தது. யக்கா அவருக்குப் பக்கத்து வேலை. பக்கத்து வேலையில்தான் மனிதர்கள் முழு மனதையும் வைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

யக்கா பூ இரவில்தான் நன்றாக விரியும், வாசனையும் அப்போதுதான். அதனால் ரைலி ராத்திரியில் விளக்கோடு செடிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அங்கே அவர் பார்த்தது இதுவரை எந்தப் பூச்சியிடமும் யாரும் பார்க்காத ஒன்று.

பெண் அந்துவின் வேலை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அந்துவின் இறக்கையை விரித்து அளந்தால் ஓர் அங்குலத்துக்கு முன்னே பின்னே. மேல் இறக்கை பளிச்சென்று வெள்ளை. யக்கா இதழில் உட்கார்ந்தால் இதழ் எது, பூச்சி எது என்று தெரியாது. பெண்ணின் வாய்ப் பக்கம் மட்டும் வித்தியாசமாக ஒன்று உண்டு. உறிஞ்சுகுழலுக்கு இரு பக்கமும், சுருண்டு கிடக்கும் இரண்டு நீளமான உறுப்புகள். மயிரடர்ந்து, யானைத் தும்பிக்கைபோல நீட்டவும் மடக்கவும் வளையவும் கூடியவை. இவற்றை இந்தக் கட்டுரையில் சுருள்கை என்று சொல்லிக்கொள்கிறேன். வேறெந்த அந்துக்கும் இப்படி ஓர் உறுப்பு கிடையாது. ஆண் யக்கா அந்துக்கும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தகராறு வரும்போது உதவும்.

பெண் அந்து மகரந்தத்தாளின் மேலே ஏறுகிறது. தலையை மகரந்தப்பையோடு ஒட்டவைத்து, சுருள்கைகளால் பசை மகரந்தத்தைச் சுரண்டி எடுக்கிறது. முன்னங்கால்களையும் சேர்த்துக்கொண்டு அதை உருட்டித் தாடைக்கடியில் வைத்து அமுக்குகிறது. அடுத்த தாளுக்குப் போகிறது, இன்னும் கொஞ்சம் சுரண்டுகிறது, உருண்டை பெரிதாகிறது. முடித்தபின் பார்த்தால் கழுத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் உருண்டை, தலையைவிடப் பெரிதாகக்கூட இருக்கும். அப்புறம் அங்கிருந்து பறந்துபோகிறது, பெரும்பாலும் வேறு செடிக்கு.

அங்கே போனதும் முதல் வேலை பூவைச் சோதிப்பது. சூலகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்க்கிறது. ஏற்கெனவே இன்னொரு பெண் வந்துபோயிருந்தால் அதன் வாசனை அங்கே ஒட்டியிருக்கும். 1999-இல் வெளியான ஒரு ஆய்வு இதைக் காட்டியது: அந்த வாசனை இருந்தால் பின்னால் வரும் பெண் முட்டையைக் குறைத்துக்கொள்கிறது, மகரந்தம் வைப்பதையும் பலமுறை தவிர்த்துவிடுகிறது. பூ பிடித்திருந்தால் அடுத்தது முட்டை. சூலகத்தின் பக்கவாட்டில் நின்றுகொண்டு, உடலின் நுனியிலுள்ள கூர்மையான குழலால் சுவரைக் குத்தி, உள்ளே வரிசையாக அடுக்கியிருக்கும் இளஞ்சூல்களுக்குப் பக்கத்தில் நூல்போன்ற ஒரு முட்டையை விடுகிறது.

முட்டையிட்ட கையோடு சூல்தண்டின் மேலே ஏறி, அதாவது தொங்கும் பூவில் கீழ்நோக்கி, நுனிக்குப் போகிறது. உருண்டையிலிருந்து கொஞ்சம் மகரந்தத்தைச் சுருள்கையால் கிள்ளி, குழிக்குள் திணிக்கிறது. தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, இடிப்பதுபோல இடித்து உள்ளே தள்ளுகிறது. பிறகு இறங்கி வந்து இன்னொரு முட்டை. திரும்ப ஏறி இன்னொரு திணிப்பு.

இதில் அந்துக்கு உடனடியாகக் கிடைப்பது எதுவும் இல்லை. அது மகரந்தத்தைத் தின்பதில்லை. தேனும் குடிப்பதில்லை. வளர்ந்த பின் வாழும் சில நாட்களும் பட்டினிதான். கூலி முழுக்கப் பிள்ளைகளுக்குப் போகிறது: காய் பிடித்தால் விதை உண்டு, விதை இருந்தால் புழுவுக்குச் சாப்பாடு. முட்டை பொரிந்து வரும் புழு, தனக்கு எட்டும் வரிசையில் சில விதைகளைத் தின்று வளரும். காயில் ஆறு வரிசை, ஒவ்வொன்றிலும் காசுகளை அடுக்கிவைத்ததுபோல விதைகள். புழு தின்றதுபோக மிச்சம் பெரும்பகுதி தப்பிக்கொள்ளும், அது செடிக்கு. வளர்ந்து முடித்த புழு, இளஞ்சிவப்பு நிறத்தில், காயின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் விழுந்து மண்ணுக்குள் போகும். அங்கே பட்டும் மண்துகளும் சேர்த்து ஒரு கூடு கட்டிக்கொண்டு அடுத்த பூப்பருவம் வரை காத்திருக்கும்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியது அத்தி. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறோம். அந்தச் சொத்தைக்குக் காரணமான குளவிதான் அத்திக்கு மகரந்தம் சேர்ப்பது. ஆனால் எடுப்பது, உருட்டுவது, சுமப்பது, திணிப்பது என்று இவ்வளவையும் ஓர் அந்து செய்யும் என்று 1872-இல் எவர் நம்புவார்?

ரைலி இந்த அந்துக்கு 1873-இல் புரோனுபா யக்காசெல்லா என்று பெயர் வைத்தார். புரோனுபா என்பது ரோமர் கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கைபிடித்து அழைத்துச்செல்லும் சுமங்கலிப் பெண். அழகான பெயர், ஆனால் நிலைக்கவில்லை. அதே பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுக்கு வைக்கப்பட்டிருந்தது. அதே 1873-இல் ஜெர்மனியில் ஸெல்லர் என்பவர் இதே அந்துவுக்கு டெகெடிகுலா அல்பா என்று பெயர் வைத்திருந்தார். கடைசியில் முதல் பாதியை ஸெல்லரிடமிருந்தும் பின்பாதியை ரைலியிடமிருந்தும் எடுத்து, டெகெடிகுலா யக்காசெல்லா ஆனது. தன் நண்பர் ஹூக்கருக்கு 1874-இல் எழுதிய கடிதத்தில் டார்வின், இதுவரை வெளியான மகரந்தச் சேர்க்கைக் கதைகளிலேயே வியப்பானது இதுதான் என்ற பொருளில் குறிப்பிட்டார்.

தகராறு

எல்லோரும் டார்வின் இல்லையே. மற்ற ஊர்களில் மற்றவர்களும் யக்கா செடியைப் போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வெள்ளை அந்து கிடைத்தது. பூவுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தது. பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள்: சுருள்கையும் இல்லை, மகரந்த உருண்டையும் இல்லை. ராத்திரி பார்த்தாலும் எதையும் சுரண்டவில்லை, எதையும் திணிக்கவில்லை. பிறகு செடியைச் சோதித்தார்கள். புழு விதையில் இல்லை, பூந்தண்டுக்குள் இருந்தது!

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சேம்பர்ஸ், கென்டக்கியைச் சேர்ந்த வழக்கறிஞர். சின்னஞ்சிறு அந்துகளைப் பற்றி நிறைய எழுதியவர், விவரம் தெரியாதவர் அல்ல. யக்காவில் கிடைத்த, இறக்கையில் ஐந்து கரும்புள்ளி உள்ள ஓர் அந்துவை 1875-இல் அவரே புது இனமாக விவரித்திருந்தார். ரைலியின் விவரிப்பு தன் கண்ணில் பட்டதோடு பொருந்தவில்லை என்று அவர் எழுதியபோது, அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அவர் சொன்னது உண்மை. அவருடைய பூச்சியைப் பற்றி உண்மை.

இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான். இரண்டு பேரும் பார்த்ததைச் சொன்னார்கள், இரண்டு பேரும் சரியாகவே பார்த்திருந்தார்கள். எதைப் பார்த்தோம் என்பதில்தான் கோளாறு. வெள்ளை இறக்கை, யக்கா பூ, கோடைத் தொடக்கம், இந்த மூன்றும் பொருந்தியதும் ஆளும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் முன்னே ஞாபகம் வைக்கச் சொன்னது இங்கே வேலை செய்கிறது. ஒருவர் கையில் உண்மையான யக்கா அந்துவின் ஆணே கிடைத்தாலும் அதற்கும் சுருள்கை இருக்காது. ஆகவே சுருள்கை இல்லாத ஓர் அந்துவைப் பிடித்தவர், இது வேறு இனமாக இருக்குமோ என்று யோசிப்பதற்கு முன், ரைலி கதை கட்டிவிட்டார் என்று யோசிப்பது எளிது.

ரைலி சும்மா இருக்கிற ஆள் இல்லை. அடுத்த சில வருடங்கள் இதே செடியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, 1880-இல் பதில் கொடுத்தார். யக்காவில் இரண்டு அந்து உண்டு. ஒன்று அசல், ஒன்று போலி. போலிக்கு அவர் வைத்த பெயர் புரோடாக்சஸ் டெசிபியன்ஸ். டெசிபியன்ஸ் என்றால் லத்தீனில் ஏமாற்றுவது. புரோடாக்சஸ் என்ற முதல் பாதி கிரேக்கம், அனுபவித்துப் பார்ப்பதற்கு முன்பே முடிவுகட்டுவது என்று அர்த்தம். பூச்சிக்கு வைத்த பெயரா, தன்னை எதிர்த்தவர்களுக்கு வைத்த பெயரா என்று கேட்கத் தோன்றுகிறது. பூச்சி பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை. தன் பாட்டுக்குத் தண்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

கால் இல்லாத புழு

போலியின் வாழ்க்கை இப்படி: யக்காவின் பூந்தண்டு பசுமையாக, இளசாகக் கிளம்பிவரும்போதே பெண் வந்து தண்டுக்குள் முட்டையிடும். அசல் அந்துக்குப் பூ விரியவேண்டும், இதற்குத் தண்டு இருந்தால் போதும். அதனால் போலி கொஞ்சம் முந்தியே வெளிவருகிறது. புழுக்கள் தண்டின் சதைக்குள் சுரங்கம் குடைந்து தின்கின்றன. பூ காய்த்ததா உதிர்ந்ததா என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. வளர்ந்த அந்து ஓய்வெடுக்க மட்டும் பூவுக்குள் போய் ஒதுங்குகிறது. அங்கேதான் மாட்டிக்கொண்டது.

வளர்ந்த அந்துவைவிடப் புழுதான் தெளிவான சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. அசலின் புழுவுக்கு மார்புப் பகுதியில் ஆறு கால்கள் உண்டு. போலியின் புழுவுக்குக் கால்களே கிடையாது, வெறும் வெளுத்த தடித்த உடல். ஏன் என்று யோசித்தால் புரிந்துவிடுகிறது. அசல் புழு காயைத் துளைத்து வெளியே வந்து, தரையில் விழுந்து, மண்ணைத் தோண்டி உள்ளே போகவேண்டும். கால் இல்லாமல் முடியாது. போலி புழு பிறந்த தண்டிலேயே வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த பருவத்தில் அங்கிருந்தே அந்துவாக வெளியேறுகிறது. வீட்டை விட்டு வெளியே போகாதவனுக்குச் செருப்பு எதற்கு? இந்த ஒரு வித்தியாசத்தை முதலிலேயே யாராவது வரிசைப்படுத்தி வைத்திருந்தால் தகராறே வந்திருக்காது.

காயிலும் ஒரு சாட்சி இருந்தது. யக்கா காய்கள் பல, நடுவில் இடுப்பு ஒடுங்கி, உருமாறி இருக்கும். அது அந்தச் செடியின் இயல்பான வடிவம் என்றே தாவரவியலாளர்கள் எண்ணியிருந்தார்கள். கையால் மகரந்தம் வைத்துக் காய்க்கவிட்ட காய்களோ ஒழுங்காக, நேராக இருந்தன. அந்து குத்திய இடத்தில் வளர்ச்சி தடைபட்டுத்தான் காய் ஒடுங்குகிறது என்று ரைலி காட்டினார். செடியின் அடையாளமாகப் புத்தகத்தில் ஏறியிருந்த ஒன்று, உண்மையில் பூச்சியின் தழும்பு. இதை முதல்முறை படித்தபோது எனக்கு அம்மை வடு ஞாபகம் வந்தது.

அப்புறமும் சிலர் முணுமுணுத்தார்கள், தேனீதான் மகரந்தம் சேர்க்கிறது என்றுகூட ஒரு கட்சி இருந்தது. 1892-இல் மிசூரி தாவரவியல் தோட்டத்தின் ஆண்டறிக்கையில் ரைலி தன் இருபது வருட வேலையைத் திரட்டி, படங்களோடு நீளமாக எழுதினார். மூன்று வருடம் கழித்து வாஷிங்டனில் சைக்கிள் விபத்தில் இறந்தார். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் கட்டி மேலே வைத்துவிட்டார்கள்.

நூறு வருடம் கழித்து

முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு, ஜோஷுவா மரம்போன்ற ஓரிரு விசேஷ யக்காக்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டெகெடிகுலா யக்காசெல்லா என்ற ஒரே இனம்தான் மகரந்தம் சேர்க்கிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. இடையில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. யக்காசெல்லா என்று பெட்டிகளில் குத்திவைத்த பெண் அந்துகளில் சிலவற்றுக்குச் சுருள்கை இல்லை. காயில் சில புழுக்கள் காலம் தப்பிப் பிந்தி வந்தன.

ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலைபார்த்த ஒல்லே பெல்மீரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதைக் கையில் எடுத்தார்கள். மரபணுவையும் உடலமைப்பையும் வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்று என்று நினைத்தது பத்துக்கும் மேற்பட்ட இனங்களாக உடைந்தது. 1999-இல் பெல்மீர் அவற்றை முறைப்படி வகைப்படுத்தி வெளியிட்டார். அதில் இரண்டு இனங்கள் மற்றவற்றிலிருந்து விலகி நின்றன: டெகெடிகுலா இன்டர்மீடியா, டெகெடிகுலா கரப்டிரிக்ஸ். இரண்டும் மகரந்தம் சேர்க்கும் முன்னோர்களின் வழிவந்தவை, ஆனால் வேலையைக் கைவிட்டவை. சுருள்கையையும் இழந்துவிட்டன. வேறொரு அந்து மகரந்தம் வைத்துக் காய் பிடிக்கவிட்ட பிறகு வந்து காயில் முட்டையிடுகின்றன. முதலாவது பிஞ்சுக் காயில், இரண்டாவது ஓரளவு முற்றிய காயில். கரப்டிரிக்ஸ் என்றால் கெடுப்பவள். பெயர் வைப்பதில் பெல்மீர் ரைலிக்குச் சளைத்தவரில்லை.

ரைலியின் போலி ஒருபோதும் மகரந்தம் சேர்த்த பரம்பரையில் வந்ததில்லை, அது வேறு வேலை செய்யும் வேறு ஆள். இந்த இரண்டும் அப்படியில்லை, குடும்பத்துக்குள்ளேயே திருடுகிறவை. அவை எந்த நேரத்தில் வருகின்றன என்பதில்தான் தந்திரம் இருக்கிறது.

ஏமாற்றுவதைச் செடி கண்டும் காணாமல் விடுவதில்லை. 1994-இல் பெல்மீரும் ஹூத்தும் யக்கா ஃபிலமென்டோசாவில் பார்த்தது: ஒரு பூவில் முட்டை அதிகமாக ஏற ஏற, செடி அந்தப் பூவை உதிர்த்துவிடும் வாய்ப்பும் ஏறுகிறது. நன்றாக மகரந்தம் வைத்த பூவுக்குத் தங்கும் வாய்ப்பு அதிகம். யக்கா தண்டில் நூற்றுக்கணக்கில் பூ வந்தாலும் காயாக வளர்த்தெடுக்க அதனிடம் வசதி கொஞ்சம்தான், எப்படியும் பெரும்பாலான பூவை உதிர்த்தாகவேண்டும். எதை உதிர்ப்பது என்று வரும்போது முட்டை மிகுந்ததை உதிர்க்கிறது. உதிர்ந்த பூவோடு முட்டைகளும் போய்விடும். பேராசைப்பட்ட அந்துவின் பிள்ளைகளுக்கு அதுதான் கதி. முன்பு சொன்ன அந்த வாசனைச் சோதனை எதற்கு என்பதும் இப்போது புரியும்: முட்டை நிறைந்த பூவில் இன்னும் ஒன்றைப் போடுவது நட்டம்.

இன்டர்மீடியாவும் கரப்டிரிக்ஸும் வருவது செடி இந்தக் கழிப்பை முடித்த பிறகு. பூ உதிரும் கட்டம் தாண்டிவிட்டது, காய் தங்கிவிட்டது, இனி செடி அதை விடாது. அந்த நேரம் பார்த்து முட்டையிட்டால் எத்தனை போட்டாலும் தண்டனை இல்லை. காவலாளி பூட்டிவிட்டுப் போனபின் ஓட்டைப் பிரித்து இறங்குவதுபோல.

ரைலியின் போலிக்கும் இதே கதி வந்தது. புரோடாக்சஸ் டெசிபியன்ஸை, சேம்பர்ஸ் 1875-இல் விவரித்த ஐந்து புள்ளி அந்துவோடு சேர்த்து ஒரே இனமாகப் பின்னாளில் மடக்கியிருந்தார்கள். 2001-இல் ஆல்தாஃபும் கூட்டாளிகளும் மரபணுவைப் பார்த்து, கிழக்கில் இருப்பது ஒன்று, மேற்குச் சமவெளியில் இருப்பது இன்னொன்று என்று திரும்பப் பிரித்தார்கள். கிழக்குக்கு ரைலி வைத்த பெயர், மேற்குக்குச் சேம்பர்ஸ் வைத்த பெயர். பழைய எதிராளிகள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று!

ஜோஷுவா மரமும் தப்பவில்லை. மோஹாவே பாலைவனத்தின் அந்தப் பெரிய யக்காவுக்கு ஓர் அந்துதான் என்று இருந்தது. ரைலி விவரித்த டெகெடிகுலா சின்தெடிகா. 2003-இல் பெல்மீரும் செக்ரேவ்ஸும் கிழக்குப் பக்கத்து மரங்களில் வேறோர் இனத்தைப் பிரித்து ஆன்டிதெடிகா என்று பெயரிட்டார்கள். நெவாடாவின் டிக்கபூ பள்ளத்தாக்கில் இரண்டு வகை மரமும் இரண்டு அந்துவும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன.

ஒரு கிளைக்கதை. புரோடாக்சஸ் வகையில் ஒய்-இன்வெர்சஸ் என்று ஒன்று உண்டு. அதன் புழு காயின் கெட்டியான சதைக்குள்ளேயே உறங்கும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஜெர்ரி பவல், நெவாடாவிலிருந்து 1969-இல் எடுத்துவந்த யக்கா காய்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 16, 17 வருடங்களுக்குப் பிறகு கூட்டமாக அந்துகள் வெளியே வந்தன. இன்னும் சில 20, 25 வருடத்தில். கடைசியாக 30 வருடத்தில். பூச்சி உறக்கத்தில் பதிவான மிக நீளமானது இதுதான் என்று 2001-இல் அவர் வெளியிட்டார். யக்கா எல்லா வருடமும் பூப்பதில்லை என்பதால் காத்திருக்கத் தெரிந்த புழு பிழைக்கிறது. எனக்கு வியப்பு புழுவைவிட, முப்பது வருடம் ஒரு பெட்டி காய்ந்த காயை ஒழித்துக்கட்டாமல் வைத்திருந்த மனிதர்மேல்தான்.

களத்தில் பிரித்தறிவது

யக்கா இயல்பாக வளரும் பகுதியில் நிற்பவர்களுக்கு இரண்டையும் பிரிக்கப் பூப்பருவமே தேவையில்லை, குளிர்காலம் போதும். காய்ந்து நிற்கும் தண்டில் ஒரு காயைப் பறித்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, பக்கத்தில் ஒரு வட்டத் துளை இருந்தால் அசலின் புழு அதிலிருந்து இறங்கிப் போயிருக்கிறது. உள்ளே விதை வரிசையில் நேர்கோடாக ஓர் ஓட்டை, இரு பக்கமும் கறுத்துப் பளபளக்கும் முழு விதைகள். அந்தப் புழு இப்போது காலடி மண்ணில் எங்கோ இருக்கிறது.

அடுத்தது தண்டு. நீளவாக்கில் கத்தியால் பிளந்தால், கட்டைக்குள் சின்னச் சின்ன அறைகள். சிலவற்றில் கால் இல்லாத ஒரு புழு, குளிருக்குச் சுருங்கி, அசையாமல் கிடக்கும். அதுதான் சேம்பர்ஸைச் சண்டைக்கு இழுத்தது. தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் பூ முடிந்ததும் தண்டை வெட்டி எரித்துவிடுகிறார்கள். போலி அதோடு போய்விடும். காய் திறந்த பிறகு வெட்டினால், அசலுக்கு ஒன்றும் ஆகாது.